டாபர்மேன் மூளை வீங்குமா?

"டாபர்மேனுக்கு வயசு ஏற ஏற மூளை வளரும், மண்டை ஓடு வளராது. அழுத்தம் தாங்காம வெறி பிடிச்சு வளர்த்தவனையே கடிச்சுடும்" என்று டீக்கடை முதல் நம் ஹாஸ்டல் வரை சொல்கிறார்கள். ஏதோ சேஃப்டி வால்வு இல்லாத பாய்லர் மாதிரி!

சுத்தப் பொய். குட்டிப் பருவம் முடிந்தபின் எந்த நாயின் மூளையும் அப்படிப் பெருப்பதில்லை. வெறிநோய் வைரஸால் வருவது. எந்த இன நாய்க்கும் வரும், தடுப்பூசி போட்டால் தடுக்கலாம்.

இந்த இனத்தை உருவாக்கியவர் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலித்த லூயிஸ் டாபர்மேன். பணப்பையோடு போகிறவருக்குக் காவல் வேண்டாமா? ஆகவே சந்தேகப் புத்தி இதற்குப் பிறவியிலேயே உண்டு, மறுக்கவில்லை. ஆட்களோடு பழக்காமல் சங்கிலியிலேயே கட்டிப் போட்டால் கடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த விறைத்த காது பிறவி அல்ல, வெட்டி நிமிர்த்துவது.

இதன் பலவீனம் மூளை இல்லை, இதயம். இதயத் தசை நலிந்து விரிந்துபோகும் நோய் இந்த இனத்தில் அதிகம்.

எங்கள் தெருவில் ராஜா என்று ஒரு டாபர்மேன் இருந்தது. ஆறு வயதில் இளைத்துப்போய் மூச்சு வாங்கியது. "மூளை முத்திடுச்சு" என்று வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிட்டார்கள். டாக்டரிடம் காட்டவே இல்லை. நானும் அன்று அதை நம்பித்தான் தள்ளி நின்றேன்.