இரண்டாவது கோடு தெரிந்த பிறகு: அவரிடம் சொல்வதா, எப்போது?

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகிறது. விடிகாலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிட்டில் சொட்டு விட்டுக் காத்திருக்கிறீர்கள். இரண்டாவது கோடு மெல்ல ரோஸ் நிறத்தில் எழும்பி வருகிறது. வெளியே வாஷ்பேசினில் அவர் பல் தேய்க்கும் சத்தம்.

கதவைத் திறந்ததும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் மருத்துவர்கள் வாரக் கணக்கு போடுவார்கள். ஆகவே ஒரு வாரம் தள்ளியிருந்தால் ஏறக்குறைய ஐந்து வாரம். கலைப்பதென்றால் மாத்திரைக்கு ஒன்பது வாரம்வரை இடமுண்டு. ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு 20 வாரம்வரை, சட்டம் சொல்லும் சில நிலைகளில் இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம்வரை கலைக்கலாம். மாத்திரையே போதுமென்றால் யோசிக்கச் சில வாரங்கள் இருக்கின்றன, சில மாதங்கள் இல்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் கையெழுத்து பற்றியது. என் தோழியோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தள்ளி, "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, அவர் கையெழுத்து வேணும்" என்றாள். தோழி ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்படி ஒரு விதியே கிடையாது. இந்தியாவின் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். 2021 திருத்தம் 'கணவர்' என்றிருந்த இடத்தில் 'துணைவர்' என்று மாற்றியது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் பெயரை மருத்துவர் வெளியே சொன்னால் ஓராண்டுவரை சிறை. 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டமும் குறுக்கே வரும்.

ஆக, அவரிடம் சொல்வது சட்டத்துக்காக அல்ல, உங்களுக்காக. அப்படிப் பார்த்தால் கேள்வி எளிதாகிறது: போன முறை நீங்கள் ஒரு கெட்ட செய்தி சொன்னபோது அவர் முதலில் என்ன கேட்டார்? "உனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாரா, "எப்படி இப்படி ஆச்சு" என்றாரா?

முதல் வகை மனிதரென்றால் உடனே சொல்லலாம். மாத்திரை போட்ட இரவில் வயிற்றுவலியும் இரத்தப்போக்கும் இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய ஆறுதல். ஒரே ஆபத்து, உங்கள் மனம் என்ன சொல்கிறதென்று நீங்களே கேட்டு முடிப்பதற்குள் அவர் அம்மாவுக்குப் போன் போய்விடுவது.

அதனால்தான் இரண்டு மூன்று நாள் பொறுத்துச் சொல்வதையே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வேன். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று ஸ்கேனில் தெரிந்துகொள்ளுங்கள். கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதற்குப் பிறகு, "ஸ்கேன் பார்த்தாச்சு, ஆறு வாரம். எனக்கு இப்ப வேண்டாம்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

அடிக்கிறவர், காண்டம் வேண்டாமென்று கட்டாயப்படுத்துகிறவர், இதை வைத்தே உங்களைக் கட்டிப்போடக்கூடியவர் என்றால் சொல்லாமலே இருங்கள். அது துரோகம் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் மறைப்பது லேசான வேலையும் இல்லை. பில், ஸ்கேன் ரிப்போர்ட், போனுக்கு வரும் எஸ்எம்எஸ் என்று எல்லாம் காட்டிக்கொடுக்கும். அக்காவோ தோழியோ, ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பயமாக இருந்தால் 181-க்கு அழையுங்கள்.

குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவெடுத்தவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது தள்ளிப்போடுவதுதான், வயிறு காட்டிவிடும். தாலி கட்டாத உறவில் பிறந்தாலும் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கக் குழந்தைக்கு உரிமை உண்டு.

தோழி வேறொரு மருத்துவரிடம் போய் எல்லாம் முடிந்து பதினோராம் நாள், மாடியில் துணி காயப்போடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த கிளிப்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "உன்கூட யாரு வந்தா?" என்று கேட்டார்.