ஆடாதவர் பெயரை முதலில் பார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். உழைத்திருக்கிறாய். ஆனால் 1972இல் ஷாங்காய் பாலே குழு ஆடிய ஆட்டத்தில் ஜப்பானியர் மனம் இளகி, அதனால்தான் சீனாவோடு உறவு ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் விட்டுவிட முடியவில்லை. போதாக்குறைக்கு, கலைக்கு எல்லை இல்லை என்ற மேடைப் பேச்சு வேறு.

தேதிகளை வரிசைப்படுத்திப் பார். 1971 அக்டோபரில் ஐ.நா.வில் தைவானிடம் இருந்த சீன இடம் பெய்ஜிங்குக்குப் போயிற்று. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் இறங்கினார். ஜூலை 7 அன்று தனாகா ஜப்பானியப் பிரதமரானார். பாலே குழு டோக்கியோ வந்தது அதற்குப் பிறகு, அதே மாதத்தில். பேசலாம் என்ற எண்ணம் இரு பக்கமும் முன்பே வந்தாயிற்று. முறையான உறவு இல்லாத நாட்டில் எப்படிச் சந்திப்பது என்பதே மிச்சமிருந்த சிக்கல்.

இங்கேதான் குழுத் தலைவரைக் கவனிக்க வேண்டும். அந்தத் தலைவர் சுன் பிங்ஹுவாவுக்கு ஓர் அடிகூட ஆடத் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானில் படித்தவர், சீன-ஜப்பான் நட்புறவுச் சங்கத்தின் நிர்வாகி. ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஓஹிரா அவரைச் சந்தித்தார். ஆகஸ்டில் தனாகாவே சந்தித்தார். நாட்டியக் குழுவின் தலைவரோடு பேசினால் அது அங்கீகாரம் ஆகாது, யாரும் குற்றம் சொல்லவும் முடியாது. குழு ஜப்பானிய விமானங்களில் நேராக ஷாங்காய் திரும்பியது. செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் இரு நாட்டு உறவை ஏற்படுத்திய கூட்டறிக்கை கையெழுத்தாயிற்று. கலைக்குழு வருகை பற்றி எழுதுபவர்கள் உடையையும் ஒப்பனையையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறார்கள், ஆடாமல் உடன் வந்தவர் யார் என்று கேட்பதில்லை. இந்தச் சோம்பலை நீயும் பழகிக்கொள்ளாதே.

அப்படியானால் ஆட்டம் வெறும் திரைதானா என்று கேட்பாய். இல்லை. அவர்கள் ஆடியவற்றில் ஒன்று 'வெள்ளைக் கூந்தல் பெண்'. பண்ணையாரிடமிருந்து தப்பி மலைக்கு ஓடும் குடியானவப் பெண்ணின் கதை. பனியிலும் காற்றிலும் காலம் ஓட, ஒரு நடனமணி விலகி இன்னொருத்தி வருவாள். கூந்தல் கறுப்பிலிருந்து நரைக்கும், நரையிலிருந்து வெளுக்கும். வசனமே வேண்டாம். கதை நடப்பது ஜப்பானை எதிர்த்துச் சீனர் போரிட்ட காலத்தில். 1945இல் சீனாவின் யெனானில் இசை நாடகமாகப் பிறந்தது. அதை டோக்கியோவில் ஆடலாமா? ஆடலாம், ஏனென்றால் அதை முதலில் பாலேயாக்கியவர்களே ஜப்பானியர். மத்சுயாமா பாலே குழு 1955இல் டோக்கியோவில் மேடையேற்றி, 1958இல் சீனாவுக்கே கொண்டுபோயிற்று. ஷாங்காய் கலைஞர்கள் தங்கள் பாலேயை உருவாக்கியது 1960களில்தான். ஆகவே டோக்கியோ ரசிகர்களுக்கு அவர்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி. இவ்வளவு பொருத்தமான தேர்வை வேறெந்தக் கலைக்குழுப் பயணத்திலும் நான் படித்ததில்லை.

கலை மாற்றுவது பெரும்பாலும் கலையைத்தான். 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்துவிட்டு ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் எழுதிய கட்டுரையை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஐரோப்பிய நாடகச் சிந்தனையே அதில் திசை திரும்புவது தெரியும். நூலகத்தில் தேடிப் படி.

அரசுகள் இணங்காதபோது என்ன ஆகும் என்பதற்கு 1975 சாட்சி. அமெரிக்கா போகவிருந்த சீனக் கலைக்குழு, தைவானை விடுவிப்போம் என்ற பாட்டு ஒன்றை நிகழ்ச்சியில் சேர்த்தது. வாஷிங்டன் ஆட்சேபித்தது, பெய்ஜிங் விட்டுக்கொடுக்கவில்லை, பயணம் நின்றுபோயிற்று. ஒரே ஒரு பாட்டு!

ஜப்பானியர் மனம் இளகியதாகச் சொல்லும் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, சுன் பிங்ஹுவாவிலிருந்து தொடங்கி மறுபடி எழுது. மத்சுயாமா குழுவுக்குத் தனியாக இரண்டு பக்கம் ஒதுக்கு. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்