பென்சிலுக்கு முன் பல்லாங்குழி

மூன்று வயதுப் பிள்ளை ‘அ’ எழுதவில்லையே என்று தவிக்க வேண்டாம். விரல்களுக்குப் பலம் வருவதுதான் அந்த வயதின் வேலை. சப்பாத்தி மாவை உருட்டித் தட்டக் கொடுங்கள். தொடுக்க வாங்கிய மல்லிகை மொட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போடச் சொல்லுங்கள். பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போடும்போது எண்ணிக்கையும் சேர்ந்தே பழகும். (வாயில் போட்டுவிடுவார்கள், பக்கத்திலேயே இருங்கள்.)

பேச்சு வளர, மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து “என்ன தெரியுது?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், ‘தானாக வந்துவிடும்’ என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பகிர்வதும் தன் முறைக்காகக் காத்திருப்பதும் மற்ற பிள்ளைகளோடு பழகினால்தான் வரும். தெருவிலேயே இருக்கும் அங்கன்வாடியைப் பலர் வெறும் சாப்பாட்டு இடமாக நினைப்பது வருத்தம் தருகிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் முன்பருவக் கல்வியும் ஒரு முக்கியப் பணி. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். வீடு திரும்பும் பிள்ளையிடம் “என்ன எழுதுன?” என்பதற்குப் பதில் “யாரோட விளையாடுன?” என்று கேளுங்கள்.