பரணில் கிடக்கும் அட்டைக் கட்டு

கேள்வி: சென்னையில் கிராபிக் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அப்பா பட்டு நெசவு செய்கிறார். புராஜெக்டுக்கு மூன்று தலைப்புகள் கொடுத்தேன்: கோயில் சுற்றுலாவுக்கு ஒரு லோகோ, புடவை மோட்டிஃப்களை வைத்து டீ-ஷர்ட், காஞ்சிபுரம் இட்லிக்குப் பேக்கேஜிங். மூன்றையும் 'இதை வருஷா வருஷம் யாராவது செய்கிறார்கள்' என்று திருப்பிவிட்டார்கள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பின்டரெஸ்ட் பார்க்கிறேன். நூற்றுக்கணக்கில் சேர்த்தும் வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை ராத்திரி, அப்பா தறியில் பழைய அட்டையைக் கழற்றிப் புது அட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கோபுரம், மயில், மாங்காய் எல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் ஐடியா எங்கிருந்துதான் வருகிறது?
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தச் சனிக்கிழமை ராத்திரியில் போய் நின்றுவிட்டேன். அப்பா அட்டை மாட்டுகிறார், மகள் போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருந்தது உங்கள் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அட்டை அட்டையாகக் கழன்றுகொண்டிருந்தது.

மயிலும் மாங்காயும் அலுத்துவிட்டது என்கிறீர்கள். அலுக்க வேண்டியதுதான். அவை யாரோ போட்டு முடித்த கணக்கின் விடைகள். விடையை மட்டும் பெயர்த்தெடுத்து டீ-ஷர்ட்டில் ஒட்டினால் அலுக்காமல் என்ன செய்யும்? இதை ஏதோ உயரத்தில் நின்று சொல்லவில்லை. என் இறுதியாண்டில் நானும் ஒரு கோயில் ஊருக்கு லோகோ செய்தேன். கோபுரத்துக்குள் ஒரு மயில், மயிலுக்குள் ஒரு தீபம். ஜூரியில் இருந்த பெரியவர் ஒருவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மயிலை எடுத்துட்டா இதுல என்னப்பா மிச்சம்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பாஸ் போட்டார்கள், பாவம் பார்த்து.

ஆகவே விடையை விட்டுவிட்டுக் கணக்குக்குப் போவோம். உங்கள் வீட்டு ஜக்கார்டு பெட்டிக்கு மாட்டும் அட்டைகளில் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அதோடு சேர்ந்த கொக்கி மேலே போகும், நீளவாக்கில் ஓடும் பாவு இழை எழும்பும். துளை இல்லையென்றால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். எழும்பும், எழும்பாது, இரண்டே சொற்களில் எழுதிய மொழி. பிரான்சின் லியோன் நகரத்துக்காரர் ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த இந்த அட்டையைத்தான் பிறகு சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். உங்கள் லேப்டாப்புக்கும் அப்பாவின் தறிக்கும் தூரத்து உறவு இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அட்டைக்கு முன்னால் கிராப் தாள். டிசைன் போடுகிறவர் ஒரு மாங்காயைக் கட்டம் கட்டமாக நிரப்புவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பெட்டியில் 240 கொக்கி என்றால் அவருக்குக் குறுக்கே 240 கட்டம்தான்; ஒன்று கூடக் கேட்டாலும் கிடைக்காது. மாங்காயின் வளைவு கட்டத்தில் ஏறும்போது படிக்கட்டாகிவிடும். அந்தப் படிக்கட்டு கண்ணுக்கு வளைவாகத் தெரிய வேண்டும். ஒரு கட்டம் ஏறி மூன்று நகர்த்து, ஒன்று ஏறி இரண்டு நகர்த்து, பிறகு ஒன்றுக்கு ஒன்று என்று அவர் கை தானாகப் போகும். இதில் இன்னொரு சூட்சுமம்: பாவு இழையின் நெருக்கமும் குறுக்கே ஓடும் ஊடையின் நெருக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சதுரக் கட்டத்தில் அழகாகப் போட்ட ருத்ராட்சம் துணியில் கோழிமுட்டையாக இறங்கிவிடலாம். அதை முன்கூட்டியே மனசுக்குள் நசுக்கியோ இழுத்தோ போட வேண்டும். அப்புறம் ஜரிகை. பெரிய மயில் என்று ஆசைப்பட்டு ஜரிகையை நீளமாகக் கட்டே இல்லாமல் மிதக்கவிட்டால், முதல் கல்யாணத்திலேயே கொலுசில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் மயிலின் உடம்புக்குள் ஆங்காங்கே இழையைக் கட்டிப் பிடிக்கும் புள்ளிகள். பார்க்கிறவர்கள் அதை இறகின் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள், தப்பில்லை.

புடவையின் உடலுக்கும் கரைக்கும் இரண்டு நிறம் வேண்டும் என்பதற்காக மூன்று நாடா போட்டு, ஒவ்வொரு ஊடைக்கும் கரையையும் உடலையும் கோர்ப்பதுதான் கோர்வை. கோயில் கோபுரம் என்று ஊர் உலகம் சொல்கிற அந்தப் பல் வரிசை நிற்பது அப்படி இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில். உங்கள் டீ-ஷர்ட்டில் எந்த இரண்டு எங்கே சந்திக்கிறது? சந்திப்பே இல்லாத இடத்தில் அந்தப் பல் எதற்கு? உங்கள் ஆசிரியர்கள் கேட்க நினைத்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, புராஜெக்டுக்கு வருவோம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்று பாருங்கள். எல்.ஈ.டி. பலகை வைத்த பஸ் ஒன்று வளைந்து உள்ளே வருகிறது. உத்திரமேரூரா, அரக்கோணமா, வாலாஜாபாத்தா? கண்ணாடி போட்ட பாட்டி பக்கத்தில் நிற்கும் பையனைக் கேட்கிறார். பலகையில் எழுத்து இருக்கிறது, ஆனால் அது எழுத்தாக இல்லை. ஆங்கில எழுத்து ஐந்துக்கு ஏழு புள்ளியிலேயே உட்கார்ந்துவிடும். நம்முடைய ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு. பதினாறு வரிசை விளக்கில் அந்த ஒரு சுழியை எங்கே வைப்பீர்கள்? உத்திரமேரூரில் வரும் 'ரூ'வின் வால் கீழே எத்தனை புள்ளி இறங்கலாம்? 'த்தி'யில் புள்ளியும் மேல்விலங்கும் மேலே முட்டிக்கொள்ளாமல் எப்படித் தப்பும்?

இந்தக் கணக்கை நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருப்பவர் யார்? வளைவைப் படிக்கட்டாக்கி, படிக்கட்டை மறுபடி வளைவாகக் காட்டத் தெரிந்தவர்? உங்கள் தெருவில்தான் இருக்கிறார். கிராப் போடும் டிசைனரிடம் 'அ' முதல் 'ன்' வரை கட்டத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள், அவர் எங்கே யோசிக்கிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த விதிகளைக் கொண்டு பலகைக்கு ஒரு தமிழ் எழுத்துரு. முப்பதடி தூரத்தில் நின்று படிக்க முடிகிறதா என்று பாட்டிகளிடமே சோதனை. முடிந்தால் அதே எழுத்தை ஒரு சாண் கரையில் நெய்தும் காட்டுங்கள். இதில் மயில் எங்கும் இல்லை. காஞ்சிபுரம் முழுக்க இருக்கிறது.

தறிக்கும் தமிழ் எழுத்துக்கும் முடிச்சுப் போடுவது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அவர் தீட்டிய தலைப்பெழுத்துகள்தான் நவீனத் தமிழ்ப் புத்தக அட்டைகளின் முகத்தையே மாற்றின. ஓவியர் டிராட்ஸ்கி மருதுவும் அந்த மையத்தில் இருந்தவர்தான். அப்படி ஒரு சேவை மையம் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பழைய டிசைன் தாள்களைப் பார்க்கக் கேட்கலாம்.

எழுத்து என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. பள்ளி நாளில் பிக்னிக் போயிருப்பீர்கள், சிங்கத்தூண் முன்னால் நின்று படமும் எடுத்திருப்பீர்கள். இந்த முறை சிற்பத்தைப் பார்க்காதீர்கள். பிராகாரத்தைச் சுற்றிலும் இருக்கும் சிறு சன்னிதிகளில் அரசனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, இருநூற்றுக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், அதே பெயர்களை ஒரே எழுத்தில் வெட்டித் திருப்தியடையாமல், வேறு வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். சிலது நேராக, சிலது சுழியும் கொடியுமாக அலங்கரித்து. ஒரே பெயர், பல முகம். இன்றைக்கு நாம் லட்சக்கணக்கில் பில் போடும் வேலையை ஒருவர் மணற்கல்லில் செய்துவிட்டுப் போயிருக்கிறார். வாசகம் வேண்டுமென்றால் 1890இல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே எழுத்தின் நாலு வடிவத்தை அருகருகே வரையுங்கள், உளி எங்கே திரும்பியிருக்கிறது என்று தெரியும். கல்லில் கை வைக்காதீர்கள், தாள் வைத்துத் தேய்க்கவும் கூடாது. மணற்கல் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது.

எழுத்து பிடிக்கவில்லை, நிறம்தான் பிடிக்கும் என்றால் அதற்கும் உங்கள் ஊரில் பஞ்சமில்லை. 2019இல் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தபோது, இன்றைக்கு என்ன நிறப் பட்டு என்பது தினச் செய்தியாக இருந்தது, நினைவிருக்கிறதா? அந்த 48 நாளின் நிறங்களைப் பத்திரிகைப் படங்களிலிருந்து திரட்டி வரிசைப்படுத்தினாலே ஒரு நிற அட்டவணை கிடைக்கும். ஆனால் நான் என்றால் அதில் நிற்க மாட்டேன். சாயம் போடுகிறவரிடம் போய் மயில் கழுத்து என்று கேட்பேன். அது ஒரு நிறமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலமும் பச்சையும் மடிப்புக்கு மடிப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். திரையில் அதற்கு ஒரே எண்ணைக் கொடுத்து அடைத்துவிடுகிறோம். ஆன்லைனில் வாங்கிய புடவை வீட்டுக்கு வந்ததும் 'படத்துல வேற கலரா இருந்துச்சே' என்று சண்டை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு நிறமாக இருக்கும் ஒரு துணியைத் தட்டையான தாளில், தட்டையான திரையில் எப்படி நேர்மையாகக் காட்டுவது? இது ஆறு மாதத்துக்குத் தாங்கும் கேள்வி. அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, பாடகி எம்.எஸ். பெயரில் நிற்கும் எம்.எஸ். புளூ என்று பெயர்கள் வேறு சும்மா கிடக்கின்றன, தலைப்பு வைக்க உங்களுக்குக் கஷ்டமே இருக்காது.

இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வெந்து வருகிற பண்டத்துக்குப் பேக்கேஜிங் ஏற்கெனவே அமைந்துவிட்டது. அதன் மேல் அட்டைப்பெட்டி போட்டுக் கோபுரம் அச்சடிப்பதை உங்கள் ஆசிரியர்கள் திருப்பியது சரிதான். நானும் திருப்பியிருப்பேன்.

புரபோசல் எழுதும்போது 'காஞ்சிபுரத்தின் பாரம்பரியத்தை நவீன இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தல்' என்று தொடங்காதீர்கள். அந்த வரியைப் படித்ததும் ஜூரிக்குக் கொட்டாவி வரும். யார், எந்த இடத்தில், எதைச் செய்ய முடியாமல் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். 'இரவில் உத்திரமேரூர் பஸ்ஸின் பலகையை முப்பதடியில் படிக்க முடியவில்லை' என்பது ஒரு வரி, அதில் ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது. பின்டரெஸ்டை அதற்கப்புறம் திறக்கலாம். கேள்வியோடு உள்ளே போனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கிராப் போட்டுக் கொடுத்தவர், சாயம் சொல்லிக்கொடுத்தவர், உங்கள் அப்பா உட்பட, அவர்கள் சம்மதித்தால் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும். நன்றியுரையில் கடைசி வரியில் 'நெசவாளர்களுக்கு' என்று மொத்தமாக முடித்துக்கொள்வதை இனியாவது நிறுத்துவோம். அரைநாள் உட்காரவைத்தால் அரைநாள் கூலி போகிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கழற்றிய அந்தப் பழைய அட்டைக் கட்டு இன்னும் தூக்கிப் போடப்பட்டிருக்காது, பரணில்தான் இருக்கும். அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது இறக்குங்கள். முதல் இருபது அட்டையை எடுத்துத் துளைகளைக் கிராப் தாளில் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். என்ன உருவம் வருகிறது என்று அப்பாவை முன்கூட்டியே கேட்காதீர்கள். பாதியில் எங்கேயாவது தப்பாகப் போட்டுவிட்டால் அவரே எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். கிராப் தாள் இரண்டாக வாங்கிப் போங்கள், பென்சிலும் இரண்டு.