நாற்பத்து நால்வர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுப்பள்ளிகளை நடத்தும் பொறுப்பு நடுவண் அரசிடம் இல்லை. ஒரு நகரமோ, சில ஊர்களின் தொகுதியோ ‘பள்ளி மாவட்டம்’ என வகுக்கப்படும். அம்மாவட்டத்து மக்கள் தம்முள் சிலரைப் பள்ளி வாரியத்திற்குத் தேர்ந்தெடுப்பர். ஆசிரியரை அமர்த்துதல், கட்டடம் எழுப்புதல், ஊரார் செலுத்தும் சொத்துவரியைக் கணக்கிட்டுச் செலவிடுதல் ஆகியன அவ்வாரியத்தின் கடமைகள். இத்தகைய மாவட்டங்கள் அந்நாட்டில் ஏறத்தாழப் 13,000 உள்ளன. குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி உலகமே பேசும். பள்ளி வாரியத் தேர்தலையோ அவ்வூராருள்ளேயே பலர் மறந்துவிடுவர். வேட்பாளர் பெயரை அறியாதாரும் உண்டு. ஆயினும், அச்சிறு தேர்தலை மறந்திருக்க இயலாத காலம் ஒன்று ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகராகிய லிட்டில் ராக் நகருக்கு வாய்த்தது.

அந்நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் கறுப்பினத்தார் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளியுமாகப் பிரித்து வைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அது சட்டத்திற்கு முரண் என 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957ஆம் ஆண்டு செப்டம்பரில், லிட்டில் ராக்கின் மத்திய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர் சேர வந்தபோது, ஆளுநர் ஆர்வல் பாபஸ் மாநிலப் படையை வாயிலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். குடியரசுத் தலைவர் ஐசனோவர் நாட்டின் படையையே அனுப்பி, அம்மாணவரைப் பள்ளிக்குள் சேர்ப்பித்தார். இவ்வளவும் உலகறிந்த செய்தி. அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததைப் பலர் அறியார்.

1958ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடிவிடுமாறு ஆளுநர் ஆணையிட்டார். சேர்ந்து படித்தலினும் படியாதிருத்தலே மேல் என்பது அவ்வாணையின் கருத்து. அம்மாதம் 27ஆம் நாள் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்திலும் இரண்டு இனத்தவரையும் உடனே கலந்து சேர்க்கலாமா, கூடாதா என்பதே வினா. அமைதியான இடைவழி எதற்கும் அவ்வினாவில் இடமில்லை. வினாவின் அமைப்பே விடையை வற்புறுத்திற்று எனலாம். ‘கூடாது’ என்றோர் 19,470 பேர். ‘சேர்க்கலாம்’ என்றோர் 7,561 பேர். பள்ளிக் கதவுகள் அடைபட்டே கிடந்தன.

அவ்வாண்டு முழுவதும் 3,665 மாணவர் தம் பள்ளியை இழந்தனர். வசதி படைத்தோர் பிள்ளைகளை வெளியூர்களுக்கு அனுப்பினர். வெள்ளையர்க்கெனத் தனியார் பள்ளியொன்றும் தோன்றியது. கறுப்பின மாணவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு எங்கும் படிக்க வழியில்லாமற் போயிற்று. ஆசிரியரோ, ஒப்பந்தத்தின்படி நாள்தோறும் பள்ளிக்கு வந்து, மாணவர் இல்லாத வகுப்பறைகளில் அமர்ந்திருந்தனர். விந்தை யாதெனில், மத்திய உயர்நிலைப் பள்ளியின் பந்தாட்டப் போட்டிகள் மட்டும் அவ்வாண்டிலும் நடந்தன. பாடம் நின்றது, பந்து நிற்கவில்லை.

நகரத்து வணிகரும் வழக்கறிஞரும் வாய்திறக்க அஞ்சினர். வெளிப்படப் பேசினால் வாடிக்கை போகும், பதவி போகும் என்னும் அச்சம் அவர்களை அடக்கியது. அந்நிலையில் அடோல்பின் பிளெட்சர் டெர்ரி என்னும் எழுபத்தைந்து வயது மூதாட்டியார் முன்வந்தார். இளமை முதல் பள்ளிகளுக்காகவும் நூலகங்களுக்காகவும் உழைத்தவர் அவர். அவரும் விவியன் புரூவர், வெல்மா பவல் என்னும் பெண்மணியரும் 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அவர்தம் இல்லத்தில் கூட்டம் கூட்டி, பள்ளிகளைத் திறப்பதற்கான மகளிர் குழு ஒன்றை நிறுவினர். உறுப்பினர் பெயர்கள் மறைவாகவே காக்கப்பட்டன. மனைவியின் பெயர் வெளிப்பட்டால் கணவனின் வேலைக்கு ஊறு நேரும் காலம் அது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1998இல்தான் அப்பெயர்ப் பட்டியல் ஊரறிய வெளியிடப்பட்டது.

இக்குழுவைப் புகழ்வோர் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அதில் வெள்ளை இனப் பெண்டிரே இடம்பெற்றனர். கறுப்பினப் பெண்டிர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. இனம் கலந்து படிப்பது நீதி என்று அவர்கள் மேடையேறி முழங்கவுமில்லை. ‘பள்ளியைத் திறவுங்கள்’ என்பதொன்றே அவர்கள் கேட்டது. அதற்கு மேல் கேட்டால் ஊரார் செவிசாயார் என்பது அவர்கள் கணிப்பு. அக்கணிப்பில் அறிவும் இருந்தது, குறையும் இருந்தது.

1958 நவம்பரில் வாரிய உறுப்பினர் அறுவருள் ஐவர் பதவி துறந்தனர். டிசம்பர் 6ஆம் நாள் புதிய வாரியத்திற்குத் தேர்தல் நடந்தது. பிரிவினையை விடாது பற்றியோர் மூவர், நீதிமன்ற ஆணைக்கு இணங்கிப் பள்ளியைத் திறக்க விழைந்த நடுநிலையாளர் மூவர் என வாரியம் சரிபாதியாகப் பிளந்து நின்றது.

1959ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அடுத்த ஆண்டிற்கு ஆசிரியரை அமர்த்தும் பொருட்டு வாரியம் கூடிற்று. ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு மூன்று எனவே வாக்குகள் விழுந்தன. எம்முடிவும் எட்டாதது கண்டு, நடுநிலையாளர் மூவரும் எழுந்து வெளியேறினர். தாம் நீங்கியபின் எஞ்சிய மூவர் முடிவு செய்யும் தகுதி இழந்தவர் ஆவர் என்பது அவர்கள் எண்ணம். எஞ்சியவரோ தாமே வாரியம் எனக் கொண்டு, தலைமையாசிரியரும் ஆசிரியரும் அலுவலகப் பணியாளருமாக நாற்பத்து நால்வரை வேலையிலிருந்து நீக்கினர். குற்றச்சாட்டு கூறப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. இனக்கலப்பிற்கு இசைந்தவர் என்னும் ஐயமே போதுமானதாயிற்று.

ஊரின் உள்ளம் அன்றுதான் அசைந்தது. எட்டுத் திங்களுக்கு முன் பள்ளியை மூடி வைக்க வாக்களித்த மக்களே இப்பொழுது கொதித்தெழுந்தனர். இனக்கலப்பு என்பது அவர்களுக்கு ஓர் அச்சம். நீக்கப்பட்டவரோ அவர்கள் முகமறிந்த மனிதர். தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் இலக்கணமும் கணக்கும் கற்பித்தவர். இருபது முப்பது ஆண்டுகளாக அவ்வூரிலேயே முதுமை எய்தியவர். முந்திய தேர்தலில் ஊராரிடம் கேட்கப்பட்டது ஒரு கொள்கை. இப்பொழுது கேட்கப்பட்டது, ‘இவ்வாசிரியர் செய்த குற்றம் யாது?’ என்பது. பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தன. அதுகாறும் வாளாவிருந்த வணிகரும் இளம் வழக்கறிஞரும் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினர். ‘இக்கொடிய களையெடுப்பை நிறுத்துக’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கூடி, ‘ஸ்டாப்’, அஃதாவது ‘நிறுத்து’, என்பதே அதன் பெயராயிற்று. எதிரணியாரும் சளைத்தாரல்லர்; அவர்கள் அமைப்பின் முதலெழுத்துகள் ‘சிலுவை’ என்னும் சொல்லாக அமைந்தன.

தேர்ந்தெடுத்தவரைப் பதவிக்காலம் முடியுமுன்னரே மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழியிருந்தது. பிரிவினையாளர் மூவரை நீக்குமாறு ஓரணியினரும், நடுநிலையாளர் மூவரை நீக்குமாறு மற்றோரணியினரும் கையொப்பம் திரட்டினர். ஆகவே அறுவர் பெயரும் ஒரே வாக்குச் சீட்டில் ஏறின. மே மாதம் 25ஆம் நாள் தேர்தல் எனக் குறிக்கப்பட்டது. ஆளுநரே தொலைக்காட்சியில் தோன்றிப் பிரிவினையாளர்க்கு ஆதரவு தேடினார்.

மகளிர் குழுவின் உழைப்பு இங்கேதான் பயன்பட்டது. அவர்கள் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு, நம்மவர் யார், எதிரணியினர் யார், எடுத்துச் சொன்னால் இசையக்கூடியவர் யார் எனப் பெயர் பெயராகப் பிரித்துக் குறித்தனர். தொலைபேசியில் அழைத்தனர், தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்ல ஊர்தி ஏற்பாடு செய்தனர். ஆரவாரமில்லாத வேலை; கைவலிக்கும் வேலை. ஆயினும், சிறு தேர்தலின் வெற்றி பெரும்பாலும் இத்தகைய வேலையிலேயே தங்கியுள்ளது.

வாக்குரிமைக்கு அக்காலத்தில் ஆர்க்கன்சாவில் ஒரு விலையும் இருந்தது. ஒரு டாலர் தலைவரி செலுத்திய சீட்டுடையார்க்கே வாக்கு உண்டு. ஏழைகளையும் கறுப்பினத்தாரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்த உதவிய அவ்வரி, அம்மாநிலத்தில் 1964இல்தான் ஒழிந்தது. இத்தடையையும் மீறிக் கறுப்பின வாக்காளர் திரண்டு வந்தனர். செல்வர் வாழும் பகுதிகளும் கறுப்பினத்தார் வாழும் பகுதிகளும் ஒரு பக்கம் நின்றன. வெள்ளை இனத் தொழிலாளர் பகுதிகள் பெரும்பாலும் மறுபக்கம் நின்றன. வாக்குகளை எண்ணியபோது வேறுபாடு சிறிதாகவே இருந்தது. பிரிவினையாளர் மூவரும் பதவி இழந்தனர். நடுநிலையாளர் மூவரும் நிலைத்தனர். மகளிர் குழுவில் இடம்பெறாத கறுப்பினத்தாரின் வாக்கு இல்லையேல் இம்முடிவு கிட்டியிராது.

காலியான இடங்கள் நிரப்பப்பட்டபின், புதிய வாரியம் பணிநீக்கத்தை விலக்கி ஆசிரியரை மீண்டும் அழைத்தது. பள்ளியை மூட வழிசெய்த சட்டம் செல்லாது என ஜூன் 18ஆம் நாள் கூட்டாட்சி நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆளுநர் மீண்டும் இடையூறு செய்யுமுன், வழக்கமான காலத்திற்கு முன்னதாகவே, ஆகஸ்டு 12ஆம் நாள் உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. வெள்ளையர் பயின்ற பள்ளிகளில் அன்று சேர்க்கப்பட்ட கறுப்பின மாணவர் மிகச் சிலரே. விரல்விட்டு எண்ணத்தக்க அளவினர். செப்டம்பர் 7ஆம் நாள் இரவு வாரிய அலுவலகத்தில் வெடி வைக்கப்பட்டது; ஆயினும், பள்ளிகள் மீண்டும் மூடப்படவில்லை. நகரத்துப் பள்ளிகளின் எல்லா வகுப்புகளிலும் இரண்டு இனத்துப் பிள்ளைகளும் ஒருங்கு பயிலும் நிலை வர 1972ஆம் ஆண்டு ஆயிற்று.