அமெரிக்கச் சட்டப் படிப்புக்குக் கிளம்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அமெரிக்காவில் எல்.எல்.எம். படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்துப் பெருமைப்பட்டேன். செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரியில் படித்த ஒரு சிற்பியின் மகளுக்கு அந்த இடம் சும்மா வந்துவிடாது. கூடவே, கல்விக் கடனுக்காக உன் அப்பா மாமல்லபுரத்து வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறார் என்றும் எழுதியிருந்தாய். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லோருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

என் யோசனை இதுதான்: இப்போது போகாதே. இரண்டு மூன்று வருடம் இங்கே தொழில் செய்துவிட்டு, எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போ.

முதலில் கணக்கைப் பார். முன்னணிக் கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டுகிறது. தங்கும் செலவு தனி. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க 12 மாத அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு சட்டப் படிப்புக்குக் கிடையாது. அதற்குள் எச்-1பி வேலை விசா கிடைக்க வேண்டும். அதற்கு ஆண்டு வரம்பு 85,000; கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு; கிடைப்பது உன் திறமையை மட்டும் பொறுத்ததல்ல. தவிர, அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் மூன்று வருட ஜே.டி. படித்தவர்களைத்தான் எடுக்கின்றன. ஓராண்டு எல்.எல்.எம். முடித்தவர்களுக்கு வாய்ப்பு குறைவு. அப்பாவின் வீட்டை இந்த நிச்சயமின்மையின் மேல் வைக்கலாமா?

அங்கே உன் வகுப்பில் சீன மாணவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நேர்ந்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது. சீன நிறுவனங்கள் நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் பங்கு வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், சீன மொழியும் அமெரிக்கச் சட்டமும் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. 2021 ஜூனில் நியூயார்க் சந்தைக்குப் போன சீனாவின் டிடி நிறுவனம் அடுத்த ஆண்டே அங்கிருந்து வெளியேறியது. இரு நாட்டு உறவும் கசந்தது. அமெரிக்கச் சட்ட நிறுவனங்கள் சில பெய்ஜிங், ஷாங்காய் அலுவலகங்களை மூடின. சீனாவில் வெளிநாட்டுச் சட்ட நிறுவனம் சீனச் சட்டத்தில் தொழில் செய்யக் கூடாது. அத்தகைய நிறுவனத்தில் சேரும் சீன வக்கீல் தன் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் ஊர் திரும்பியபோது, சொந்த நாட்டுத் தகுதித் தேர்வையும் முடித்து வைத்திருந்தவர்களுக்கே வழி இருந்தது. வெறும் அமெரிக்கப் பட்டத்தோடு வந்தவர்கள் திண்டாடினார்கள்.

நம் நிலையும் அதுவே. 2018-ல் ஏ.கே.பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே அலுவலகம் போட முடியாது, எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிப் போகலாம் என்றது. இந்திய பார் கவுன்சிலின் புதிய விதிகள் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கின்றன. ஆனாலும் இந்தியச் சட்டமும் கோர்ட்டும் இங்கே பதிவு செய்தவர்களுக்கே. ஆகவே முதலில் என்ரோல்மென்ட். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. கலிஃபோர்னியாவில் தேர்வெழுத ஆசை வந்தால்கூட, சொந்த நாட்டில் வக்கீலாகப் பதிவு செய்தவர் எல்.எல்.எம். இல்லாமலே எழுதலாம்.

ஜூனியர் வாழ்க்கையில் காசு இல்லை என்பாய். உண்மைதான்; பல சேம்பர்களில் பஸ் செலவுக்கே திண்டாட்டம். ஆனால் சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று அறிவுறுத்தும்படி, 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சேரும் முதல் நாளே சீனியரிடம் இதைக் கேள். கூச்சப்படாதே.

இங்கே என்ன வேலை இருக்கிறது என்கிறாயா? உன் அப்பாவின் சிற்பக்கூடத்தையே எடுத்துக்கொள். அமெரிக்காவில் ஒரு கோயிலிலிருந்து அம்மன் சிலைக்கு ஆர்டர் வருகிறது, அதுவும் வாட்ஸ்அப்பில். பாதிப் பணம் முன்பணம். சிலை மரப்பெட்டியில் ஏறிச் சென்னைத் துறைமுகம் போய்க் கடல் தாண்டுகிறது. பெட்டியைத் திறந்தால் விரல் ஒன்று உடைந்திருக்கிறது. மீதிப் பணம் வரவில்லை. நட்டம் யாருடையது? ஒப்பந்தத்தில் எஃப்.ஓ.பி. என்று எழுதியிருந்தால், கப்பலில் சரக்கு ஏறியதுமே பொறுப்பு வாங்குபவருடையது. எழுதாததால் வாய்ச்சண்டை. செங்கல்பட்டு கோர்ட்டில் டிகிரி வாங்கினாலும் அதை அமெரிக்காவில் சுலபமாக நிறைவேற்ற முடியாது. சென்னையில் நடுவர் தீர்ப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்திருந்தால், இரு நாடுகளும் சேர்ந்துள்ள 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின்படி அங்கே அமல்படுத்தக் கேட்கலாம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து விளக்கி, ஆங்கிலத்தில் ஒப்பந்தம் எழுதித் தரும் வக்கீல் சிற்பிகளுக்கு வேண்டும்.

அதோடு முடியவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்ற 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், மாமல்லபுரத்தில் மாடி எழுப்ப முடியாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை மனைகளுக்குப் பட்டாவும் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் வேலை வற்றாது. மீனவக் குப்பங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இந்த வழக்குக்கட்டுகளோடு நீ அமெரிக்கா போனால் கதையே வேறு. சர்வதேச நடுவர் சட்டமோ கலைப்பொருள் வணிகச் சட்டமோ, எது தேவை என்று உனக்குத் தெரிந்திருக்கும். உதவித்தொகை கேட்கும் கடிதத்தில் எழுத விஷயம் இருக்கும். விசா கிடைக்காவிட்டாலும், திரும்பி வர ஒரு சேம்பரும் கட்சிக்காரர்களும் இருப்பார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக்கு இன்றே எழுது. சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள். அப்பாவிடம் பழைய ஏற்றுமதி ஆர்டர் தாள்களை வாங்கி, சிற்பிகளுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுது. எழுதியதும் கொண்டு வா, வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் சீனியர்