வாப்பாவின் இதயம், பிள்ளையின் இதயம்



நாற்பது வயதில் ஒருவர் மாரடைப்பில் மவுத்தானால், "ஹயாத் அவ்வளவுதான்" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டு வருகிறோம். அவருடைய வாப்பாவும் இதே வயதில் இப்படித்தான் போனார் என்பது பிறகு பேச்சோடு பேச்சாக வரும். பிள்ளைகளின் உயிரைக் காக்கக்கூடிய பேச்சு அது. எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

சில குடும்பங்களில் என்ன சாப்பிட்டாலும் பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருக்கும். லெபனான் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்த பெய்ரூத் மருத்துவர் கச்சதூரியன், இது தலைமுறைகளில் இறங்கும் விதத்தை 1964இல் விளக்கினார். தாய், தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வந்தால் கொழுப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். இருவரிடமிருந்தும் வந்தால் பல மடங்காகும். சிறு வயதிலேயே தோலில் மஞ்சள் கட்டிகள் தோன்றும், இளமையிலேயே மாரடைப்பும் வரலாம்.

காரணத்தைக் கண்டவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து பிரவுன், கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவர். நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து, நலமானவர்களின் செல்களோடு ஒப்பிட்டார்கள். ரத்தத்திலுள்ள எல்டிஎல் கொழுப்பை உள்ளே இழுக்கும் வாசல்கள் செல்லின் மேற்புறத்தில் உண்டு. கடுமையான நோயாளிகளிடம் அவை வேலை செய்யவில்லை. வாசலை உண்டாக்கும் மரபணுவே பழுதாகியிருந்தது. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்துக்கு வழி திறந்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருளை 1973இல் ஒரு பூசணத்தில் கண்டார். இன்றைய ஸ்டேட்டின் மாத்திரைகளுக்கு அதுவே முன்னோடி. உற்பத்தி குறைந்ததும், ஈரல் கூடுதல் வாசல்களைத் திறந்து ரத்தத்துக் கொழுப்பை இழுத்துக்கொள்கிறது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆண் 55 வயதுக்கு முன், பெண் 60 வயதுக்கு முன் மாரடைப்புக்கு ஆளான குடும்பத்தில், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கொழுப்புப் பரிசோதனை செய்யட்டும். பெரியவர்களுக்கு எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தால், பரம்பரைக் கொழுப்பா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஒருவருக்கு இருந்தால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

2. ஒல்லியானவருக்கும் இது இருக்கலாம். உணவுக் கட்டுப்பாடு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

3. சம்பந்தம் பேசும்போது மறைக்காதீர்கள். மணமக்கள் இருவருக்கும் இப்பழுது இருந்தால், இரண்டு பக்கப் பழுதும் சேர்ந்து வரும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. சொந்தத்துக்குள் மணம் முடித்தால், இருவருக்கும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. திருமணத்துக்கு முன்பே பரிசோதித்து, மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

பெண்ணுக்கு வரன் வராது என்று பயந்து வாய் மூடினால், பேரப்பிள்ளைக்கு வைத்தியம் தாமதமாகும். இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யார், எந்த வயதில், எதனால் மவுத்தானார்கள்? எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்